கண்ணகி வழிபாடும் கிரேக்க உரோம சமய ஆராய்ச்சியும்

அயல்நாட்டுத் தெய்வத்துக்குத் தம் தெய்வத்தின் நாமத்தையே சூட்டி அறிந்துகொள்வது கிரேக்கர்க்கும் உரோமர்க்கும் பொதுவான வழக்கம். கிளோடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் (கி.பி. 41–54) இலங்கையிலிருந்து உரோமாபுரி சென்ற தூதுக்குழுவினர் கூறிய செய்திகளைப் பதிவுசெய்த மூத்த பிளினி, இத்தீவினர் ஹெர்குலிஸை வழிபடுகின்றனர் என்று எழுதிவைத்ததும் அவ்வழக்கத்தின் விளைவேயாம், அத்தெய்வத்தின் உள்ளூர்ப் பெயரைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை போலும்.

பிற்காலத்தில் இலங்கையின் வடபாலுள்ள வன்னியின் சரித்திரத்தையும் குடிகளின் சம்பிரதாயங்களையும் ஒருங்கு தொகுத்து நூலாக்கியவர், ஆங்கில அரசாங்க உத்தியோகத்தரான ஜே. பி. லூயிஸ் (1895). எனினும், மேலைச் சமய ஆராய்ச்சி நம் கண்ணகி அம்மனைத் தீவிரமாக நோக்கத் தொடங்கியது சென்ற நூற்றாண்டின் இறுதியிலேதான். மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட, பத்தினி எனப்படும் கண்ணகியின் வழிபாடு பற்றிய பெருநூலில், மாண்ட நாயகனுக்காகப் புலம்பும் தேவியின் கதையிலே மேலை ஆசியச் சமயங்களின் சாயலைக் கண்டார். 1993இல் ரிச்சர்ட் ஃபைன்ஸ் ஒருபடி மேற்சென்று, மாண்ட தன் நாயகன் ஓசிரிஸை உயிர்ப்பித்த எகிப்தியத் தேவி ஐசிஸின் கதை உரோம எகிப்தின் வணிகரோடு கடல்கடந்து வந்து பத்தினியின் கதையிற் கலந்தது என்று வாதித்தார். வன்னிக்கு அயலிலுள்ள மாந்தைத் துறைமுகம் மேலைக் கடல்வாணிபத்தில் ஈடுபட்டிருந்தமையின், அவ்வாதம் எடுத்த எடுப்பில் கவர்ச்சியுடையதே.

ஆயினும் வன்னியின் முல்லைத்தீவில், நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் நிகழ்வதையும் நோக்குதல் வேண்டும். வைகாசிப் பொங்கலுக்கு முன்னர்ப் பாக்குத் தெண்டல் என்னும் பாக்குத் திரட்டும் சடங்கு நடைபெறும்; பின்னர் முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொணர்ந்து, எண்ணெய்க்குப் பதிலாக அவ்வுப்பு நீரிலேயே விளக்கெரிப்பர். கிழவி வடிவில் வந்த அம்மன், எண்ணெய் இல்லையென்ற இடைச்சிறுவர்க்குக் கடல்நீரை வார்த்து விளக்கேற்றச் சொன்னாள் என்பது ஐதிகம். உரோமரும் மார்ச் 5ஆம் நாள் ஐசிஸின் பெயரால் கடலில் மரக்கலம் விடும் உற்சவம் கொண்டாடினர். இரண்டிலும் கடல் உண்டு என்று கொண்டு முடிச்சுப் போட முனைவோர் நிதானிக்க வேண்டும்: அங்கே அது கப்பலோட்டப் பருவம் தொடங்குவதைக் குறித்த விழா, இங்கே இடையரும் பொங்கற்பானையும் சூழ்ந்த நிலத்துச் சடங்கு. கதையின் ஒற்றுமையும் வணிகத் தொடர்பும் அன்றி, ஐசிஸின் கோயிலோ விக்கிரகமோ வன்னியிற் கிடைத்ததில்லையாதலின், ஃபைன்ஸின் கொள்கையை ஊகம் என்றே கொள்ளல் தகும்.