யந்திரக்காரர்களின் கதைக் கச்சேரி

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். "கதை பேசாதே, வேலையைப் பார்" என்று யாரேனும் யாரையேனும் அதட்டினால் எனக்குச் சுருக்கென்றிருக்கும். கதையும் வேலையும் பகை என்று தீர்ப்பளித்தவர் யார்? இந்த வழக்கில் என் கட்சிக்கு ஓர் அமெரிக்கர் சாட்சியாகக் கிடைத்தார். அவர் ஜூலியன் ஆர்.

யந்திரம் பழுது பார்த்த அனுபவமும் உண்டு அவருக்கு. மானிடவியல் படிப்பும் உண்டு. 1980-களில், ஸெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துகொண்டு, நகல் யந்திரங்களைப் பழுது பார்க்கும் ஊழியர்களோடு கூடவே சுற்றினார். கம்பெனி அவர்களுக்கு ஒரு கையேடு கொடுத்திருந்தது. இன்ன கோளாறுக்கு இன்ன எண். இன்ன எண்ணுக்கு இன்ன பரிகாரம். அதற்கு மேல் ஊழியர் யோசிக்க வேண்டியதில்லை என்பது மேலிடத்தின் எண்ணம்.

யந்திரங்களோ கையேட்டைப் படித்துவிட்டுக் கெட்டுப் போவதில்லை. ஒரு சமயம் ஒரு யந்திரம் தன் நோயை மறைத்து வேறு எண்ணைக் காட்டிக் கொண்டிருந்தது. பழுது பார்க்கப் போனவரும், உதவிக்கு வந்த நிபுணரும் 5 மணி நேரம் அதனோடு போராடினார்கள். முன்பு தாம் கண்ட யந்திரங்களின் கதைகளை ஒருவருக்கொருவர் சொன்னார்கள். கதையோடு கதை பொருந்தியபோது நோய் பிடிபட்டது. காப்பி குடித்துக்கொண்டு இவர்கள் பேசியது வம்பல்ல, வைத்தியம் என்று கண்டார் ஜூலியன். 1996-ல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்.

ஆனால் வாய்ப்பேச்சு எட்டும் தூரம் கொஞ்சந்தானே! 1990-களில் அந்த நிலையத்தார் இந்தப் பேச்சைக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். அதற்கு 'யுரேகா' என்று பெயர். முதலில் பிரான்ஸில் வந்தது. ஊழியர் தாம் கண்ட உபாயத்தை எழுதி அனுப்புவார். அனுபவம் மிக்க சகாக்கள் பரிசீலித்து ஒப்புவார்கள். பிறகு அது எல்லோருக்கும் பொது. பிரேஸிலில் ஒருவர் 40,000 டாலர் செலவில் யந்திரத்தையே மாற்றிவிட இருந்தார். மாண்ட்ரியாலில் ஒரு ஊழியர் எழுதிய குறிப்பு கண்ணில் பட்டது. 50 சென்ட் பெறும் ஒரு பாகத்தை மாற்றியதோடு காரியம் முடிந்தது.

குறிப்புகளுக்குப் பணம் தரலாமா என்ற பேச்சு எழுந்தபோது ஊழியர்கள் வேண்டாமென்றார்கள். காசைக் காட்டினால் எண்ணிக்கை பெருகும், தரம் போய்விடும் என்று அஞ்சினார்கள். குறிப்போடு எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

இன்று ஊழியர்கள் பேசிக்கொள்வதற்கென்றே கம்பெனிகள் சாதனங்களை விலைக்கு வாங்குகின்றன. வாங்கட்டும். தான் பாடுபட்டுக் கண்டதைப் பெயரில்லாமல் சுருட்டிக் கொள்வார்கள் என்று நினைக்கிறவன் அதில் வாய் திறக்கமாட்டான்.

எனக்கு இது புரிகிறது. என் முதல் கதைக்குச் சன்மானம் வந்ததா என்பது மறந்துவிட்டது. பக்கத்தின் எந்த மூலையில் என் பெயர் அச்சாகியிருந்தது என்பது மட்டும் மறக்கவில்லை.