தோலைப் பார்த்தவர்கள்

நம் தோலின் மேற்பரப்பு இறந்துபோன ஒன்று. தேய்த்துக் குளிக்கும்போது திரிதிரியாக உருண்டு வருவது அதுதான். இந்த இறந்த பொருளுக்கு ஏதேனும் வேலை இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ள விஞ்ஞானத்துக்கு நெடுநாள் ஆயிற்று. விமர்சனத்தில் 'பார்வை' என்ற சொல்லை ஓயாமல் பிரயோகிக்கிற நமக்கு இந்தத் தாமதத்தின் சரித்திரம் தெரிந்திருப்பது நல்லது.

திசுக்களை ஆராய்ந்தவர்கள் தோலைத் துண்டாக வெட்டி, ஆல்கஹாலில் நீர் நீக்கி, ஸைலீனில் தோய்த்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார்கள். உச்சியில் தெரிந்தது, இடைவெளி விட்டுப் பின்னிய கூடை மாதிரி ஒன்று. ஸ்ட்ராடம் கார்னியம் என்று அதற்குப் பெயர். கொம்புப் படலம் எனலாம். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக, அதன் கனம் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான்தான். உதிரக் காத்திருக்கும் இந்தச் செதில் எதைத் தடுத்துவிட முடியும்? உடலின் நீரை உள்ளே வைத்து, வெளி விஷத்தை வெளியே நிறுத்தும் தடை இதற்குக் கீழே எங்கோ இருக்கவேண்டும் என்று பலரும் எண்ணினார்கள்.

அந்த ஓட்டைகள் தோலில் இல்லை. செல்களுக்கு இடையே இருந்த கொழுப்பை ஆல்கஹாலும் ஸைலீனும் கரைத்துக்கொண்டு போயிருந்தன. தடையைத் தேடியவர்கள் அதைக் கழுவிவிட்டுத் தேடினார்கள்.

1944-ல் டிராவிஸ் வின்ஸர், ஜார்ஜ் பர்ச் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், இறந்தவர்களின் வயிற்றுத் தோல் வழியே நீர் எவ்வளவு கசிகிறது என்று அளந்தார்கள். பிறகு மேற்படலத்தை உப்புத்தாளால் தேய்த்து நீக்கிவிட்டு மறுபடியும் அளந்தார்கள். கசிவு பல மடங்கு பெருகியது. 1952-ல் இர்வின் பிளாங்க், காய்ந்து விறைத்த காய்ப்புத் தோலை எண்ணெயில் ஊறவைத்தார், விறைப்பு போகவில்லை. நீர் ஏறியதும் இளகிற்று. தோலை இளக்கமாக வைப்பது நீர். எண்ணெய் அந்த நீரைப் போகவிடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவே. 1963-ல் ஆல்பர்ட் கிளிக்மனும் கிறிஸ்டோஃபர்ஸும் கொம்புப் படலத்தைக் கிழியாத முழுத் தாளாகப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு கிளிக்மன் எழுதிய நீண்ட கட்டுரை, அதுவரை கழிவாகக் கருதப்பட்டு வந்த அந்தப் படலத்தை ஓர் உறுப்பின் அந்தஸ்துக்கு உயர்த்தியது.

1975-ல் ஆலன் மைக்கேல்ஸும் அவருடைய சகாக்களும் அதைச் செங்கல்லும் சாந்தும் கொண்ட சுவராக உருவகித்தார்கள். சாந்து எது என்பதைத் துலக்கியதில் பீட்டர் எலியாஸுக்குப் பெரும் பங்குண்டு: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். சாகப்போகிற செல் இந்தக் கொழுப்பைப் பொட்டலம் பொட்டலமாக வெளியே கொட்டிவிட்டுத்தான் சாகிறது. 2006-ல் டண்டீ பல்கலைக்கழகத்தின் இர்வின் மக்லீன் குழு, ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணு பழுதானவர்களுக்குக் கரப்பான் வரும் சாத்தியம் மிக அதிகம் என்று நிறுவியது. சுவரின் பழுது நோயாகிறது.

இங்கே முடித்துக்கொண்டால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் கிளிக்மனிடம் திரும்பவேண்டியிருக்கிறது. 1951-லிருந்து 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறை அவருக்குப் பரிசோதனைக்கூடமாக இருந்தது. கைதிகளின் காலில் படர்ந்த பூஞ்சை நோயைக் கவனிக்க அழைக்கப்பட்டுப் போனவர். முதன்முதலில் உள்ளே நுழைந்தபோது தன் கண்முன் தெரிந்ததெல்லாம் ஏக்கர் கணக்கில் தோல் என்று, 1966-ல் ஒரு பத்திரிகைக்கு அவரே சொன்னார். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். பலர் ஜாமீன் கட்ட வழியின்றி விசாரணைக்குக் காத்திருந்தவர்கள். சில டாலர்களுக்காக முதுகைக் கொடுத்தார்கள். அதே 1966-ல் கிளிக்மன் வெளியிட்ட ஒவ்வாமைச் சோதனை முறையில், முதலில் சோப்பு வகை ரசாயனம் ஒன்றால் தோலை எரியவைத்துத் தடையைக் குலைப்பார்கள்; பிறகு சந்தேகத்துக்குரிய பொருளை அங்கே வைத்துக் கட்டுவார்கள். சோதனை நடந்தது கைதிகள்மீது. டௌ கெமிக்கல் கம்பெனிக்காகச் சிலர்மீது டயாக்ஸினும் பூசப்பட்டது. 1998-ல் ஆலன் ஹார்ன்ப்ளம் இவற்றைப் புத்தகமாக்கினார்; அந்த 'ஏக்கர்' வாசகமே தலைப்பு. முன்னாள் கைதிகள் ஏறக்குறைய 300 பேர் 2000-ல் தொடுத்த வழக்கு, காலம் கடந்தது என்று தள்ளுபடியாயிற்று. கடைசிவரை தம் ஆய்வுகளை ஆதரித்தே பேசிவந்த கிளிக்மன் 2010-ல் இறந்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2021-லும், பிலடெல்பியா நகரம் 2022-லும் மன்னிப்புக் கேட்டன.

படைப்பு வேறு, படைப்பாளி வேறு என்று நாம் சுலபமாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். கொம்புப் படலம் பற்றிக் கிளிக்மன் சொன்னது உண்மை. அவர் யாராக இருந்தாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் இரண்டையும் பார்த்தது ஒரே கண். செத்தது என்று மற்றவர்கள் ஒதுக்கியதில் ஒரு காரியத்தைக் கண்ட கண், உயிரோடு எதிரே நின்றவர்களிடம் தோலை மட்டும் கண்டது. முன்னவர்களின் தவறு ஆல்கஹாலால் நேர்ந்தது என்று விளங்கிக்கொள்ள அவரால் முடிந்தது. சிறையும் அப்படியொரு பதப்படுத்தல்தான். ஊர், பெயர், வழக்கு, மறுக்கும் உரிமை எல்லாவற்றையும் கரைத்துவிட்டு ஒரு முதுகைக் கொண்டுவந்து அது நிறுத்தியது. அங்கே கரைந்துபோனது என்ன என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்கட்டுரைகளில் கைதிகளைக் குறிக்கும் சொல்லுக்குத் தமிழில் 'தாமாக முன்வந்தவர்கள்' என்று பொருள். அவற்றை வாசிக்க நேர்பவர் அந்தச் சொல்லில் சற்று நின்றுவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.