நாடு சுற்றிய ஆணையமும் புனேயின் ஒரு மனுவும்

1882 பிப்ரவரியில் ரிப்பன் பிரபுவின் அரசு அமைத்த இந்தியக் கல்வி ஆணையம், அதன் தலைவர் வில்லியம் வில்சன் ஹண்டரின் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை எந்த அளவிற்கு நடைமுறைக்கு வந்தது என ஆராய்வதே அதற்கு இடப்பட்ட பணி. தொடக்கக் கல்வியின் நிலையும் அதனை விரிவாக்கும் வழிகளும் விசாரணையின் முதன்மைப் பொருளாயின. பல்கலைக்கழகங்கள் வரம்பிற்கு வெளியே நிறுத்தப்பட்டன. உறுப்பினர்கள் முதலில் கல்கத்தாவில் கூடினர். பின்னர் மாகாணந்தோறும் சாட்சியங்கள் திரட்டப்பட்டன. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லரும் உறுப்பினருள் ஒருவர்.

கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1883ஆம் ஆண்டின் இறுதி அறிக்கையோடு நின்றுவிடுகிறோம். மாகாணச் சாட்சியத் தொகுதிகளைப் பொறுமையாகப் புரட்டினால் வேறொரு சிக்கல் தென்படுகிறது. பதில் கூறியவர்கள் பெரும்பாலும் கல்வித்துறை அலுவலர்கள், மறைப்பணியாளர்கள், ஆங்கிலம் கற்ற கனவான்கள். பள்ளியைக் காணப் பயணம் செய்பவருக்குப் பள்ளிக்குள் இருப்பவரே கண்ணில் படுவர். மாடு மேய்க்கச் சென்ற சிறுவன் எந்தக் கேள்விப்பட்டியலிலும் அகப்படுவதில்லை.

பம்பாய் மாகாணத் தொகுதியில் அச்சேறிய ஜோதிராவ் புலேயின் மனு இவ்விடத்தில்தான் முக்கியமாகிறது. புனேயில் 1882 அக்டோபர் 19 எனத் தேதியிடப்பட்ட அம்மனு, தம் கல்வி அனுபவம் புனேயையும் சுற்றுவட்டச் சிற்றூர்களையும் தாண்டாதது என்ற ஒப்புதலோடு தொடங்குகிறது. நாடெங்கும் சுற்றுவோரிடம் ஓர் ஊரை மட்டும் அறிந்தவர் பேசுகிறார். ஆனால் அந்த ஓர் ஊரில் அவருக்கு மூன்று தசாப்தங்களுக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு. 1848இல் பெண்களுக்கான பள்ளி, அதனை அடுத்து மகர், மாங்கு சாதிப் பிள்ளைகளுக்கான பள்ளி எனத் தாமே நடத்திப் பார்த்தவர் அவர்.

மனுவின் அடிப்படை வாதம் கணக்கு வழக்கு சார்ந்தது. அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவரின் உழைப்பிலிருந்து வருகிறது. கல்விக்கெனத் தனி மேல்வரியும் வசூலாகிறது. அப்பணம் உயர்வகுப்பாரின் மேற்கல்விக்குச் செல்வது எவ்வகையில் முறை என்பதே அவரது கேள்வி. மாகாணத்தின் சிற்றூர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கிற்கு, அதாவது சுமார் 10 லட்சம் குழந்தைகளுக்கு, கல்வி வசதியே இல்லை எனக் கூறப்படுவதை அவர் எடுத்துக்காட்டுகிறார். அதைக் காட்டிலும் என்னை நிறுத்திய எண்கள் சிறியவை. சாதித் தடையால் பொதுப்பள்ளியில் அமர இயலாத மகர், மாங்கு மக்கள் புனேயில் 5,000 பேருக்கு மேல். அவர்களுக்கென இருப்பது ஒரே பள்ளி. அதில் வரும் சிறுவர்கள் 30 பேருக்கும் குறைவு. பள்ளிகளை எண்ணுபவரின் பட்டியலில் இது ‘ஒன்று’ எனப் பதிவாகும். புலே எண்ணியதோ வராதவர்களை.

தீர்வுகளும் அதே மண்ணிலிருந்தே பிறக்கின்றன. குறைந்தது 12 வயது வரை தொடக்கக் கல்வி கட்டாயமாக வேண்டும். வறிய பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் பரிசும் வேண்டும். மோடி எழுத்து, பாலபோத எழுத்து, கணக்கு ஆகியவற்றோடு வேளாண்மையின் அடிப்படையும் உடல்நலமும் கற்பிக்கப்பட வேண்டும். 10 ரூபாயைத் தாண்டாத ஆசிரியர் ஊதியம் பயிற்சி பெற்றவர்க்கு 12 ரூபாய்க்குக் குறையலாகாது. பேரூர்களில் 15, 20 வரை செல்லலாம். அவ்வாசிரியர்கள் இயன்றவரை உழவர் குடியினராக, தேவைப்படின் கலப்பையின் மேழியையோ தச்சனின் வாச்சியையோ பிடிக்க நாணாதவராக இருத்தல் வேண்டும் என்கிறார். இதனை வெறும் பிரதிநிதித்துவக் கோரிக்கையாகச் சுருக்குவது பிழை. மாணவரோடு கலந்து பழக இயலாத ஆசிரியரால் கற்பிக்கவே இயலாது என்னும் கற்பித்தல் வாதமும் இதனுள் உண்டு.

இடைக்குறிப்பு ஒன்று. தரம்பாலின் நூல் 1983இல் வெளிவந்தது முதல் மரபுப் பள்ளிகளைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. தாமஸ் மன்றோவின் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளைக் காட்டியது. புலேயோ, மரபுப் பள்ளிகள் பெரும்பாலும் பிராமணர் வாழும் ஊர்களிலேயே உள்ளன என்றும், வாய்ப்பாட்டு மனப்பாடத்தைத் தாண்டி அவை அதிகம் செல்வதில்லை என்றும் எழுதுகிறார். இக்கூற்றை நம் திண்ணைப் பள்ளிகளுக்கு அப்படியே பொருத்தலாகாது. மன்றோ காலத்துத் தமிழ் மாவட்டப் பட்டியல்களில் சூத்திரர் எனக் குறிக்கப்பட்ட மாணவர் பெருந்தொகையினர். ஆயினும் அப்பட்டியல்களிலிருந்து பொற்காலம் சமைப்போர் புனேயின் இச்சாட்சியத்தையும் எதிர்கொண்டாக வேண்டும்.

பண்டித ரமாபாயும் அதே ஆண்டில் புனேயில் ஹண்டர் முன் சாட்சியம் அளித்தார். பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் தேவை என வலியுறுத்தினார். அது தனியே எழுத வேண்டிய செய்தி.

ஆணையத்தின் அறிக்கை தொடக்கக் கல்விக்கு அரசு முன்னிலும் மிகுதியாக முயல வேண்டும் என்றது. ஆனால் பொறுப்பை, அப்போதுதான் உருப்பெற்றுக்கொண்டிருந்த உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்தது. கட்டாயக் கல்வியைப் பரிந்துரைக்கவில்லை. புலே 1890இல் மறைந்தார்.

1911 மார்ச்சில், புனேயின் ஃபெர்குசன் கல்லூரியில் ஆசிரியராக இருந்த கோபால கிருஷ்ண கோகலே பேரரசின் சட்டமன்றத்தில் தொடக்கக் கல்வி மசோதாவை முன்வைத்தார். அவர் கேட்டது 6 முதல் 10 வயது வரையிலான ஆண் குழந்தைகளுக்கு மட்டும். அதுவும் ஏற்கெனவே போதிய மாணவர் வருகை உள்ள பகுதிகளில், உள்ளாட்சி அமைப்பு விரும்பினால் மட்டும். 1882இல் புலே கோரிய வயதைவிட இரண்டு ஆண்டுகள் குறைவு. 1912 மார்ச் 19 அன்று 13க்கு எதிராக 38 வாக்குகளில் அம்மசோதா வீழ்த்தப்பட்டது.