இரண்டு பெயர், ஒரே பூச்சி

ஐரோப்பியக் காட்டோரங்களில் அராஷ்னியா லெவானா என்னும் வண்ணத்துப்பூச்சி இளவேனிலில் செம்மஞ்சள் சிறகும் கரும்புள்ளிகளுமாகப் பறக்கிறது. கோடையிலோ கருஞ்சிறகில் வெண்பட்டையோடு வருகிறது. 1758இல் லின்னேயஸ் இவற்றுக்கு லெவானா, புரோர்சா என்று இரு பெயர்கள் வைத்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஊசியில் குத்திய பூச்சிகளை மட்டும் பார்ப்பவர் எவரும் அப்படித்தான் முடிவு செய்வார். ஒன்றின் பிள்ளைதான் மற்றது என்பது முட்டையிலிருந்து வளர்த்தவர்களுக்கே தெரிந்தது.

ஆஸ்திரியரான டோர்ஃப்மைஸ்டர் 1864இல் சோதனை செய்து இதற்கு வெப்பநிலையைக் காரணமாகச் சொன்னார். ஃப்ரைபர்க் பேராசிரியர் வைஸ்மன் அந்தச் சோதனையை மேலும் கொண்டுபோய் 1875இல் வெளியிட்டார். கோடை உருவம் பெற வேண்டிய கூட்டுப்புழுக்களை அவர் பனிக்குளிரில் வைத்தார். வெளிவந்தவற்றில் பல இளவேனில் உருவத்தோடும் இடைப்பட்ட உருவத்தோடும் இருந்தன. குளிர்காலக் கூட்டுப்புழுக்களைச் சூட்டில் வைத்தபோது மாற்றம் நிகழவில்லை. ஆகவே இளவேனில் உருவமான லெவானாதான் மூதாதை உருவம், பனியூழியின் எச்சம் என்றார். சோதனை நிலைத்தது, விளக்கம் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. புழுப்பருவத்தில் பகல்பொழுது எவ்வளவு நீளம் என்பதே முதன்மைக் காரணம் என 20ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று.

வங்காளத்தில் பருவத்தைப் பிரிப்பது பனி அல்ல, மழை. அங்கே மெலனைட்டிஸ் லீடா, அதாவது அந்தியில் பறக்கும் பழுப்புப் பூச்சி, மழைக்காலத்தில் சிறகடியில் தெளிவான கண்புள்ளிகளோடும், வறட்சியில் அவை மங்கிச் சருகு போலவும் இருக்கிறது. இவையும் லீடா, இஸ்மீன் என இரண்டு இனங்களாக எண்ணப்பட்டவையே. 1880களில் லயனல் டி நிசெவில் கல்கத்தாவில் இந்தக் குடும்பத்துப் பூச்சிகளை வளர்த்துப் பார்த்து, இவை பருவ உருவங்கள் எனக் காட்டினார். தமிழ்நாட்டு நெல்வயல்களிலும் இந்தப் பூச்சி உண்டு. அதன் புழு நெல் இலையைத் தின்னும். மழைக்காலக் கண்புள்ளிகள் பறவையின் கொத்தைச் சிறகு விளிம்புக்குத் திருப்புகின்றன. புல் காய்ந்தபின் அசையாமல் சருகுக்குள் ஒளிவதே தப்பும் வழி.

இதே வகையைச் சேர்ந்த ஆப்பிரிக்கப் பூச்சி பைசைக்ளஸ் அனினானா. மலாவியில் இதை ஆராய்ந்த பால் பிரேக்ஃபீல்டும் உடன் பணியாற்றியவர்களும் புழுப்பருவத்து வெப்பநிலையே உருவத்தைத் தீர்மானிப்பதாகக் கண்டனர். வெப்பமாக இருந்தால் மழைக்கால உருவம், குளிர்ந்தால் வறட்சிக்கால உருவம்.

நாடு வேறு, பருவத்தை உணர்த்தும் குறிப்பும் வேறு; ஆனால் உடலுக்குள் வேலை செய்வது ஒரே ஹார்மோன். கூட்டுப்புழு ஆனபின் எக்டைசோன் சீக்கிரம் சுரந்தால் அராஷ்னியா கோடை உருவத்தையும் பைசைக்ளஸ் மழைக்கால உருவத்தையும் பெறுகின்றன. தாமதித்தால் மற்ற உருவங்களை.