தந்தை பட்ட கடன்

தந்தை பட்ட கடனை மைந்தன் தீர்த்தே ஆகவேண்டுமா? வேண்டுவதில்லை என்றது அந்நாளைய சிங்கப்பூர்ச் சட்டம். ஆயினும் டான் கா கீ என்னும் சீனர் அச்சட்டத்தின் நிழலில் ஒதுங்கினாரில்லை.

சீனத்தின் தென்கரையில், அமோய்க்கு அருகிலுள்ள ஜிமெய் என்னும் சிற்றூரில் 1874-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1890-இல் சிங்கப்பூர் வந்து, தந்தையாரின் அரிசிக் கடையில் தொழில் பயின்றார். தாயாரின் ஈமக் கடமைகளுக்காக ஊர் சென்று, சில ஆண்டுகள் தங்கி, 1903-இல் மீண்டபோது கண்டது என்ன? வியாபாரம் நொடித்திருந்தது, கடனோ இரண்டு லட்சம் வெள்ளிக்கு மேல்!

மூத்த மகன் மனந்தளரவில்லை. 1904-இல் சிறு முதல் கொண்டு, அன்னாசிப் பழத்தை டின்களில் அடைக்கும் தொழிற்சாலை தொடங்கினார். 1906-இல் அன்னாசிச் செடிகளுக்கிடையே ரப்பர் விதை ஊன்றினார். கடன் கொடுத்தோருடன் உடன்பாடு செய்துகொண்டு, 1907-இல் கணக்கைத் தீர்த்தார். குடும்பத்தின் பெயர் மீண்டது. தம்பியும் தொழிலில் பங்காளியானார்.

பின்னர் ஊர்ப்பிள்ளைகளையும் தம் குடும்பமாகவே எண்ணினார். 1913-இல் ஜிமெய்யில் ஆரம்பப் பள்ளியும், 1921-இல் அமோய்ப் பல்கலைக்கழகமும் நிறுவினார். உலகளாவிய வாணிப மந்தத்தில் 1934-இல் அவரது கம்பெனி மூடப்பட்டது, பல்கலைக்கழகம் மூடப்படவில்லை.

தோழர்களே! கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் கடமை என்றும் பொருளுண்டு. சட்டம் கேளாத கடனைத் தீர்த்தவரே, எவரும் கேளாத கடமையையும் மேற்கொண்டார்.