ஒப்புச் சொல்லி அழுதவர்கள்

திருக்குறளில் கயமை அதிகாரத்தின் முதல் குறளில், அதாவது 1071ஆம் குறளில், ‘ஒப்பாரி’ என்ற சொல் இருக்கிறது. அங்கே சாவும் இல்லை, அழுகையும் இல்லை. கயவர்கள் பார்வைக்கு மனிதர்களைப் போலவே இருக்கிறார்கள், இப்படியொரு ஒற்றுமையை வேறெங்கும் கண்டதில்லை என்கிறார் வள்ளுவர். அந்த ஒற்றுமைக்குத்தான் ஒப்பாரி என்று பெயர் சொல்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் ஒப்பு என்ற பொருளைத் தந்துவிட்டுத்தான் இறந்தவருக்காக அழும் பாட்டுக்கு வருகிறது.

ஒப்பு எப்படி ஓலமாயிற்று என்பது அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு விளங்கும். போனவரைப் பொன்னுக்கு ஒப்பிடுவார்கள், தேருக்கு ஒப்பிடுவார்கள், நிழல் தந்த ஆலமரத்துக்கு ஒப்பிடுவார்கள். பிறகு அன்றைக்கு நான் எப்படி இருந்தேன், இன்றைக்கு எப்படி ஆனேன் என்று தன்னையே தனக்கு ஒப்பிட்டுக்கொள்வார்கள். ‘ஒப்பு வைத்து அழுவது’, ‘ஒப்புச் சொல்லி அழுவது’ என்று கிராமத்துப் பேச்சில் இன்றும் உண்டு. ‘ஆரி’ என்ற ஈற்றுக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்லலாம். அடிச்சொல் ஒப்புதான்.

சொல்லுக்கு இந்தப் பொருள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த அழுகைப் பாட்டு இருந்தது. தலைவன் இறந்தபின் சார்ந்தோர் செயலற்று நிற்பதைத் தொல்காப்பியம் கையறுநிலை என்றது. பறம்பும் போய், தகப்பனும் போனபின் பாரியின் மகளிர் பாடியதாக உள்ள புறநானூற்று 112ஆம் பாட்டு கையறுநிலைத் துறைதான். அந்தச் சிறு பாட்டிலும் போன மாதமும் இந்த மாதமும் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. ஒப்பாரியின் எலும்புக்கூடு அதில் அப்படியே இருக்கிறது. கம்பராமாயணத்தில் மண்டோதரி புலம்புவதும் இந்த வழியில் வந்ததே. புலவர்கள் எழுதியது ஏட்டில் ஏறியது. பெண்கள் வாயால் பாடியது வாயோடு இருந்தது.

அந்த வாய்ப்பாட்டுத்தான் கப்பலேறி மலாக்காவுக்கு வந்தது. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதுவே மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம். அடுத்துப் புக்கிட் ஆசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. ரப்பர் பரவப் பரவ, கங்காணிகளின் பின்னால் தமிழர்கள் வந்தார்கள். ஜாசின், அலோர் காஜா, தெபோங், மெர்லிமாவ் என்று லயங்கள் முளைத்தன. கொண்டுவந்த மூட்டையில் ஏடு இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் தலைக்குள் இருந்தன.

தோட்டத்தில் ஒப்பாரிக்கு ஊரில் இல்லாத ஒரு வேலை வந்து சேர்ந்தது. அம்மா செத்த செய்தி கடுதாசியில் வரும். மூலையில் கரி தடவிய அந்தக் கடுதாசி ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஏறி, பினாங்கு வந்து, ஆபீஸ் கிராணி கையிலிருந்து லயத்துக்கு வருவதற்குள் அங்கே பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருக்கும். முகம் பார்க்க வழியில்லை, வாய்க்கரிசி போட வழியில்லை. கடுதாசியை மடியில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கட்டிக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்களில் யாரும் செத்தவரைக் கண்டதில்லை. சாவு வீட்டில் அவரவர் துக்கத்தைத்தான் அழுவார்கள் என்று நம்மவர்கள் குறையாகச் சொல்வதுண்டு. குறையே இல்லை அது. கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து அழ அவர்களுக்கு அது ஒன்றுதான் இடம்.

பிறகு ஜப்பான்காரன் காலம். சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்த அந்த வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குப் பெட்டியும் இல்லை, பேரும் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அந்தக் கதையைச் சொல்கின்றன. திரும்பாதவனின் மனைவிக்கு இன்னொரு வதை இருந்தது. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அவன் உயிரோடு இருந்தால்? தாலி இருக்கும்போது எந்த நாளில் ஒப்பாரி வைப்பது? பாடி முடிக்கவே முடியாத துக்கம் அது.

என் அப்பா இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. சவப்பெட்டிக்குச் சொல்வது, பந்தல் போடுவது, உறவுகளுக்குப் போன் செய்வது என்று ஓடிக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரம் பழைய தோட்டத்திலிருந்து ஓர் ஆயா வந்தார். வாசலிலேயே கொண்டையை அவிழ்த்தார். உள்ளே வந்து என் அத்தையின் தோளில் கை போட்டு, நெற்றியோடு நெற்றி வைத்து, முதலில் வார்த்தையில்லாமல் ஒரு இழுப்பு இழுத்தார். அத்தை அதே சுருதியில் சேர்ந்துகொண்டார். இன்னும் நாலு பெண்கள் வட்டத்துக்குள் வந்தார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மூச்சு முட்டும் இடத்தில் அடுத்தவர் வாங்கிக்கொள்வார், மூக்கைச் சிந்திவிட்டு மூன்றாமவர் தொடர்வார். என் அப்பாவை அந்த ஆயா பெரட்டுக் களத்து விளக்குக்கு ஒப்பு வைத்தார். விடிவதற்கு முன்னால், பேர் கூப்பிடும் இடத்தில், காண்டா கம்பும் வாளியுமாக எல்லாரும் வந்து சேர்வது அந்த விளக்கைப் பார்த்துத்தான். ஊரில் பிறந்த பாட்டில் அந்த ஒப்பு இருந்திருக்க முடியாது. இங்கே, இந்தப் பால்காட்டில் பிறந்தது அது. கேட்ட மாத்திரத்தில் எனக்கு உடைந்துவிட்டது. அப்பா எனக்கு யார் என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இவ்வளவு செய்த சொல்லுக்கு நாம் கொடுத்த மரியாதையைப் பாருங்கள். ‘என்ன, ஒப்பாரி வைக்கிற?’ என்றால் இன்று திட்டு. இது மட்டுமில்லை. இழப்பு என்ற பொருளில் தொல்காப்பியம் அழுகைச் சுவைக்குக் காரணமாகச் சொன்ன சொல் இழவு. அது ‘எழவு’ ஆகி வசவாகிவிட்டது. புலம்பு என்றால் தனிமை என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. இன்றோ ‘சும்மா புலம்பாதே’ என்கிறோம். ‘பிலாக்கணம் பாடாதே’, ‘உன்னோட மாரடிக்க முடியலை’. துக்கத்துக்காக இருந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கேலிக்கு ஆக்கியிருக்கிறோம். இரங்கற்பாவுக்கு இந்தக் கதி வரவில்லை. கையறுநிலை பாடப்புத்தகத்தில் கௌரவமாக இருக்கிறது. படித்த ஆண்கள் எழுதிய துக்கம் இலக்கியமானது, படிக்காத பெண்கள் பாடிய துக்கம் வசவானது. எனக்கு இதில் வேறு காரணம் தெரியவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, சனங்கள் தாமான் வீடுகளுக்குப் போனார்கள். ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் வேற்று மொழிக்காரர் இருக்கும்போது உரக்க அழவும் கூச்சம். இப்போது துக்க வீட்டில் ஒலிபெருக்கி வைக்கிறோம். 1962இல் வந்த ‘பாத காணிக்கை’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதி டி.எம். சௌந்தரராஜன் பாடிய பாட்டு மலாக்காவில் ஒலிக்காத சாவு வீடு குறைவு. நானும் அதைக் கேட்டு அழுதவன்தான். பிறகு சிவபுராணம் ஓதுகிறோம். இரண்டும் வேண்டியவையே. ஆனால் சினிமாப் பாட்டு சாவைப் பற்றி எல்லாருக்கும் பொதுவாகப் பேசுகிறது. சிவபுராணம் இறைவனிடம் பேசுகிறது. செத்தவரையே கூப்பிட்டு, உறவுமுறை சொல்லி, ‘நீ இன்னார் மகன், இன்னாருக்குத் தம்பி, எனக்கு இன்னது’ என்று பேச ஒப்பாரியை விட்டால் வேறு பாட்டு இல்லை.

மலாக்காவில் இதற்கு ஒரு எச்சரிக்கையும் கண்முன்னே இருக்கிறது. காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள் சுல்தான்கள் காலத்திலிருந்தே இங்கே இருக்கும் தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையது. போகியன்று முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கும் ‘பார்ச்சு’வை இன்னும் விடவில்லை. வீட்டில் பேசுவது மலாய். பாடுவதும் மலாயில்தான். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய தொண்டாங் சாயாங்கைப் பாடும் நான்கு சமூகங்களில் அவர்களும் உண்டு. சடங்கு நிலைத்தது, மொழி போயிற்று. நம் தாமான்களிலும் கருமாதி நிலைக்கும், கோடி போடுவது நிலைக்கும். ஒப்பாரி மொழியாலேயே ஆனது, மொழி போன வீட்டில் அது மிஞ்சாது.

உங்கள் குடும்பத்தில் ஆசஹானிலோ ஜாசினிலோ மஸ்ஜித் தானாவிலோ எழுபது தாண்டிய ஆயா ஒருவர் இருந்தால், இந்த மாதமே போய்ப் பாருங்கள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்று மறுப்பார்கள். வற்புறுத்த வேண்டாம். வீட்டை விட்டு வெளியே, ஒரு மரத்தடியில் உட்காரவைத்துக் கேளுங்கள். கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். யாருக்காகப் பாடியது, பாடியவருக்கு அவர் என்ன உறவு, அப்போது எந்தத் தோட்டம் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள்.