முன்னால் நடப்பவர்கள்



திற்பரப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே விழுவது கோதையாற்றுத் தண்ணீர். ஆற்றோடு மேலே போனால் 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை. அதற்கும் மேலே காணிக்காரர்களின் குடியிருப்புகள். 2008இல் இந்தப் பக்கத்துக் காடுகள் கன்னியாகுமரி வனஉயிரினச் சரணாலயம் ஆயின. பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். இதைக் காப்பவர் யார் என்பதே நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது.

'ரேஞ்சர்' என்ற பதவிக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் உண்டு. 1878இல் ஆங்கில அரசு இந்திய வனச் சட்டம் கொண்டுவந்து காடுகளைத் தன் உடைமையாக்கிக்கொண்டது. அதே ஆண்டில்தான் ரேஞ்சர்களைப் பயிற்றுவிக்க டேராடூனில் வனப்பள்ளி திறந்தது. திருவிதாங்கூர் தனி சமஸ்தானம்தான். ஆனாலும் அங்கும் தேன், மெழுகு, ஏலம் எல்லாம் அரசுக்குச் சேகரித்துக் கொடுக்கக் காணிக்காரர்கள் வேண்டியிருந்தார்கள். 1911இல் அவர்களை 'மலைவாசிகள்' என்று வகைப்படுத்தி, நிர்வகிக்கத் தனி விதிகளும் எழுதினார்கள்.

இன்றைய படிநிலையைப் பாருங்கள். வனச்சரக அலுவலர், வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர். அதற்கும் கீழே வேட்டைத் தடுப்புக் காவலர். தமிழ்நாட்டுக் காடுகளில் இந்தக் கடைசிப் படியில் நிற்பவர்களில் பலர் பழங்குடி இளைஞர்கள். ரோந்தில் முன்னால் நடப்பவர்களும் அவர்களே. யானை நிற்பதை வாடையில் அறிவது, சுருக்குக் கம்பியைத் தேடி எடுப்பது, கணக்கெடுப்புக்குக் கேமரா கட்டுவது, கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, தீ வந்துவிட்டால் பச்சைக் கொப்பை ஒடித்து அடித்து அணைப்பது எல்லாம் அவர்கள் பாடு. கூலி தொகுப்பூதியம். வருடக்கணக்கில் நடந்தும் பணிப்பதிவேடு இல்லாதவர்கள் இருக்கிறார்கள். சாதி அடுக்கைப் படித்த நமக்கு இந்த அடுக்கு புதிதல்ல.

அவர்களின் அறிவுக்கு விலை உண்டு என்று ஒருமுறை வெளியுலகம் ஒப்புக்கொண்டது. 1987இல் அகத்தியமலைக்குப் போன ஆய்வாளர்கள் களைத்துப்போக, வழிகாட்டிய காணிக்காரர்கள் ஏதோ காயைத் தின்றுகொண்டு அசராமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தது; உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடானது. காட்டில் வழிகாட்டுவதும் அறிவுழைப்பே என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

காக்கிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1992 ஜூன் 20இல் தருமபுரி வாச்சாத்தியில் பழங்குடி மக்கள்மீது பாய்ந்தவர்களில் 215 பேர் 2011இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அவர்களில் 126 பேர் வனத்துறையினர். ஆகவே, நம் பிள்ளைகளுக்குச் சீருடை கிடைத்தால் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. வேலை நிரந்தரம் வேண்டும், பதவி உயர்வு வேண்டும். காட்டின்மேல் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்கவும் வேண்டும்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு அதற்குப் பதில் சொல்கிறது. காட்டையும் வனஉயிர்களையும் காக்கும் அதிகாரத்தை அது உரிமை பெற்ற மக்களுக்கும் அவர்களின் கிராம சபைக்கும் அளிக்கிறது. காவல் குழுவைக் கிராம சபையே அமைக்கலாம் என்கின்றன 2008 ஜனவரி 1இல் வந்த விதிகள். சரணாலயம் வந்ததும் அதே ஆண்டுதான். அடுத்தமுறை அருவிக்கு வரும் மாணவர்கள் அணைக்கு மேலேயும் வாருங்கள். அங்கே கிராம சபை கூடுகிறதா, காவல் குழு இருக்கிறதா என்று அந்த மக்களிடமே கேளுங்கள்.